எண்பத்தாறு மிச்சம்: நாலாம் வார டெஸ்ட் மீது ஒரு விமர்சனம்

"இன்னா மாப்ள, இன்னும் எண்பத்தாறு மிச்சம் இருக்குதாமே?"

நாட்றம்பள்ளியிலிருந்து மாமா போன் செய்தபோது நான் பெங்களூரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அவர் ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரை ஆரம்பித்து நாலு வாரம் தாண்டியிருந்தது. எண்பத்தாறு என்பது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் டெஸ்ட்டின் முடிவு. டாக்டர் அந்த டெஸ்ட்டைக் கேட்கவே இல்லை. எடுக்கச் சொன்னது நான். காசு அனுப்பியதும் நான்தான். "மருந்து வேலை செய்யுதான்னு நடுவுல ஒருதடவை பாத்துக்கறது நல்லது மாமா" என்று பெரிய மேதை மாதிரி சொல்லியிருந்தேன்.

மாமா அந்த எண்ணை நூற்றுக்கு எண்பத்தாறு என்று படித்திருக்கிறார். ஒரு மாசம் மாத்திரை தின்றும் பதினாலுதான் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டு மனசு விட்டுவிட்டார். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'டிடெக்டட்' என்று தடித்த எழுத்தில் வேறு. போனை அத்தை வாங்கி மெதுவாகச் சொன்னார்: "மூணு நாளா மாத்திரையே போடலப்பா. எதுக்கு வீணா போடணும்னு சொல்லிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு."

அன்றைக்குத்தான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அப்படிப் படித்ததன் விளைவு. நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். அதனால் மாத்திரையைத் தொடர்வது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான். என் விமர்சனம் ஒரே ஒரு பழக்கத்தின் மீது: சிகிச்சை நடக்கும்போதே வைரஸ் எண்ணை எட்டிப் பார்த்து, 'சீக்கிரம் குறைகிறது', 'மெதுவாகக் குறைகிறது' என்று ஆளுக்கு ஒரு முத்திரை குத்தும் பழக்கம்.

முதலில் அந்த எண்

மாத்திரை தொடங்கும்முன் மாமாவின் எண் 42 லட்சம். அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் 42 லட்சம் யூனிட். நாலு வாரம் கழித்து 86. நூற்றில் 99.998 பங்கு போய்விட்டது. மாமா நினைத்ததற்கு நேர் எதிர்.

இந்த எண்ணை டாக்டர்கள் சாதாரணக் கழித்தலில் பார்ப்பதில்லை, பத்தின் மடங்கில் பார்க்கிறார்கள். பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஒரு லாக், நூறில் ஒன்றாகக் குறைந்தால் இரண்டு லாக். (எங்கள் வேலையில் 'லாக்' என்றால் வேறு. இது பத்தாம் வகுப்பில் அட்டவணை புத்தகத்தை வைத்துக்கொண்டு விழித்த அந்த மடக்கை.) மாமாவுக்குக் குறைந்தது கிட்டத்தட்ட 4.7 லாக். இதை ரிப்போர்ட் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். முந்தைய எண், இப்போதைய எண், எத்தனை மடங்கு குறைந்தது. அதற்குப் பதில் இருந்தது ஒரு எண், ஒரு 'டிடெக்டட்', அவ்வளவுதான். ஆபீஸில் நான் இப்படி ஒரு ஸ்கிரீனை வடிவமைத்தால் டெஸ்டிங் டீம் என்னைச் சும்மா விடாது.

ஆனால் ரிப்போர்ட்டின் வடிவத்தைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 99.998 என்று மாமாவுக்குப் புரியவைத்த பிறகு அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: "அப்போ மத்தவங்களுக்கு நாலு வாரத்துல ஒண்ணுமே இல்லாம போயிடுதாமே, எனக்கு ஏன் மெதுவா போவுது?"

'மெதுவாக' என்ற சொல் எங்கிருந்து வந்தது

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸை 1989-இல்தான் அடையாளம் கண்டார்கள். அதன் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு மேல் முக்கிய மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. பிற்காலத்தில் வாரம் ஒரு ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை, 1-ஆம் வகை வைரஸ் என்றால் 48 வாரம். காய்ச்சல், உடம்புவலி, ரத்தசோகை, முடி கொட்டுவது, சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு. செலவு லட்சக்கணக்கில். அவ்வளவு பட்டும் 1-ஆம் வகைக்காரர்களில் சுமார் பாதிப்பேருக்குத்தான் குணம்.

இப்படிப்பட்ட சிகிச்சையில் நடுவில் எட்டிப் பார்ப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. தேறாது என்று முன்கூட்டியே தெரிந்தால் நோயாளியை அந்த வதையிலிருந்து விடுவிக்கலாம். 12 வாரத்தில் வைரஸ் நூறில் ஒன்றாகக்கூடக் குறையவில்லை என்றால் நிறுத்து. நாலே வாரத்தில் காணாமல் போனால் நல்ல சகுனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம்: 12 வாரத்தில் நூறு மடங்கு குறைந்திருக்கும், ஆனால் முழுசாகப் போயிருக்காது, 24 வாரத்தில்தான் போகும். இவர்களுக்கு வைத்த பெயர்தான் 'மெதுவாகப் பதில் தருபவர்கள்'. இவர்களுக்கு 48 வாரத்தை 72 வாரமாக நீட்டலாமா என்பது அன்றைய பெரிய விவாதம்.

நீட்டிப் பார்த்தார்கள். 2007-இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில் 48 வாரம் எடுத்த மெதுவானவர்களில் 18 சதவீதம் பேர் குணமானார்கள், 72 வாரம் எடுத்தவர்களில் 38 சதவீதம். நல்ல செய்தி. 2010-இல் 'சக்சஸ்' என்று பெயரிட்ட இன்னொரு ஆய்வு வந்தது. அதில் 43 சதவீதம், 48 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளி எதையும் நிரூபிக்காது. ஆறு மாதம் கூடுதலாகக் காய்ச்சலும் ரத்தசோகையும் அனுபவித்ததற்குத் தெளிவான பலன் இல்லை. ஆக, அந்த வகைப்பாடு பிறந்த காலத்திலேயே அதை வைத்து என்ன செய்வது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. முத்திரை மட்டும் உறுதியாக நின்றுவிட்டது.

அந்த வேகம் எதை அளந்தது என்பதும் முக்கியம். இன்டர்ஃபெரான் வைரஸை நேராகத் தாக்கும் மருந்து அல்ல. நம் உடம்பின் சொந்தத் தற்காப்பை உசுப்பிவிடுவது. உடம்பு எவ்வளவு உசுப்பப்படுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதில் ஒரு பெரிய பங்கு IL28B என்ற மரபணுவுக்கு அருகில் உள்ள சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். எனவே அன்றைய 'மெதுவாக' என்பது பெருமளவு நோயாளியின் உடம்பைப் பற்றிய தகவல். அதை அளப்பதில் பொருள் இருந்தது.

கேள்வி செத்தது, பதில் உயிரோடு இருக்கிறது

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. ஒரு மாத்திரை 1000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று உலகமே அதிர்ந்த மருந்து. 2014 செப்டம்பரில் கிலியட் கம்பெனி இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்த பிறகு இங்கே விலை தலைகீழாக இறங்கியது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். ஈரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்ளாடாஸ்விரும் 12 வாரம். சுருக்கம் இருந்தால் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும். மாமாவுக்குக் கிடைத்தது முதல் ஜோடி.

இவை வைரஸ் பெருகும் இயந்திரத்தையே நேராக அடைக்கும் மருந்துகள். உடம்பின் ஒத்துழைப்பை எதிர்பார்த்து நிற்பவை அல்ல. ஆகவே பழைய வேகக் கணக்கு இங்கே பெரும்பாலும் பொருந்தாது.

ஏன் என்று எனக்குப் புரியவைத்தது இரண்டு ஆய்வுகள். இரண்டும் கணித மாடல்கள், என் சொந்த ஊர்க்காரன் மாதிரி பேசின. 1998-இல் அவிடன் நியூமன் குழு 'சயன்ஸ்' இதழில் ஒரு கணக்கு போட்டது. ஒரு நோயாளியின் உடம்பில் தினமும் சுமார் ஒரு லட்சம் கோடி வைரஸ் உற்பத்தியாகிறது, ரத்தத்தில் இருப்பதில் பாதி 2.7 மணி நேரத்தில் அழிகிறது. மருந்து உற்பத்தியை அடைத்ததும் ரத்தத்தில் இருப்பது முதல் ஓரிரு நாளில் சரசரவென்று விழும். அதற்குப் பின் வருவது மெதுவான இறக்கம். தொற்றிய ஈரல் செல்கள் ஒவ்வொன்றாகப் போகும் வேகம் அது.

2013-இல் டக்ளாடாஸ்விரை வைத்து ஜெரமி கெஜ் குழு அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது பாதியாகும் நேரம் 45 நிமிடம் என்று வந்தது. காரணம், இந்த மருந்து செல்லுக்குள் நகலெடுப்பதை மட்டும் தடுக்கவில்லை, தயாரான வைரஸ் செல்லை விட்டு வெளியேறுவதையும் தடுக்கிறது. வாசல் கதவும் சேர்ந்து மூடியதால்தான் ரத்தத்தில் அவ்வளவு வேகமான வீழ்ச்சி.

இதை ஒரு ஷூ கம்பெனியை வைத்து யோசித்துப் பாருங்கள். ரோட்டில் கம்பெனி லாரி எத்தனை ஓடுகிறது என்று எண்ணுவதுதான் ரத்தப் பரிசோதனை. லாரி ஓடவில்லை என்றால் கேட்டை மூடிவிட்டார்கள் என்று தெரியும். உள்ளே மெஷின் நின்றுவிட்டதா என்று தெரியாது. அதே மாதிரி, மெஷினை நிறுத்திய பிறகும் பழைய சரக்கோடு ஒன்றிரண்டு லாரி சுற்றிக்கொண்டிருக்கலாம். வேகமாகக் குறைந்தால் குணம் என்றும் இல்லை, மெதுவாகக் குறைந்தால் தோல்வி என்றும் இல்லை.

இதற்கு நேரடிச் சாட்சியும் உண்டு. 2015-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன டாக்டர்கள் பங்கேற்ற ஒரு ஆய்வில், சிகிச்சையின் கடைசி நாளில்கூட ரத்தத்தில் எண்ணக்கூடிய அளவு வைரஸ் இருந்த சிலர், அதற்குமேல் ஒரு மாத்திரைகூடப் போடாமலே குணமானார்கள். டெஸ்ட் கண்டுபிடிப்பது வைரஸின் ஆர்.என்.ஏ-வை. அது தொற்றக்கூடிய உயிருள்ள சரக்கா, உடைந்த மிச்சமா என்று அது சொல்லாது. தவிர, ஹெச்.ஐ.வி. போல இந்த வைரஸ் நம் மரபணுவுக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை. போதுமான நாள் நகலெடுக்க விடாமல் தடுத்தால் அதன் வம்சம் முடிந்தது. நாளை எண்ணி மாத்திரை போடுவதுதான் வேலை.

வழிகாட்டுதலின் விநோதம்

2014-இல் வெளிவரத் தொடங்கிய அமெரிக்க வழிகாட்டுதல், தொடக்கத்தில் நாலாம் வார டெஸ்ட்டைப் பரிந்துரைத்தது. வைரஸ் தென்பட்டால் ஆறாம் வாரம் மறுபடி பார், பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் நிறுத்து. சரி. ஆனால் ஏறாமல், குறைந்துகொண்டே, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால்? மாமாவின் நிலை இதுதான். அதற்கு அந்த ஆவணம் நிறுத்தச் சொல்லவும் இல்லை, நீட்டிக்கச் சொல்லவும் இல்லை.

ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டு, அதன் முடிவு இப்படி வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது என்ன மாதிரி டெஸ்ட்? எங்கள் தொழிலில் இதற்கு நல்ல அனுபவம் உண்டு. யாரும் எதுவும் செய்ய முடியாத அலாரத்தை வைத்தால், நடு ராத்திரி ஒருத்தன் எழுந்து தேவையில்லாத ஒன்றைச் செய்து, ஓடிக்கொண்டிருந்த சர்வரை நிறுத்திவிடுவான். மாமா மூன்று நாள் மாத்திரையை நிறுத்தியது அச்சு அசல் அதேதான். அலாரத்தை வைத்தவன் நான்.

பிறகு வந்த எளிமையான சிகிச்சை முறைகளில் இந்த நடுவழி டெஸ்ட் பெரும்பாலோருக்குக் கைவிடப்பட்டது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில், போதை ஊசிப் பழக்கம் இருந்த 50 பேருக்கு மிகக் குறைந்த கண்காணிப்போடு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 'சி-டாட்' என்ற அந்த ஆய்வு 2018-இல் வெளியானது. சோஃபோஸ்புவிரோடு இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும் 12 வாரம் எடுத்த 25 பேரில் 22 பேர் குணம். ஊசி இல்லாமல் சோஃபோஸ்புவிர், ரிபாவிரின் மட்டும் 24 வாரம் எடுத்த 25 பேரில் 15 பேர். கண்காணிப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். மாறியது மருந்துக் கூட்டணி.

அதை முன்னின்று நடத்திய சுனில் சாலமன், 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமனின் மகன். அவர் அடுத்து 'மின்மான்' என்று ஐந்து நாடுகளில் 399 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. முதல் நாளே 84 மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நடுவில் டெஸ்ட் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியதும் கிடையாது. 95 சதவீதம் பேர் குணம். அதில் நாலாம் வாரம் என்ன நடந்தது தெரியுமா? ஒரு போன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒரே ஒரு விசாரிப்பு.

டெஸ்ட்டின் பக்க நியாயம்

ஒருதலையாக எழுதக்கூடாது. நடுவழி டெஸ்ட்டுக்கு ஒரு உபயோகம் உண்டு. எண் குறையாமல் நிற்கிறது அல்லது ஏறுகிறது என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை, இல்லை வேறு ஏதோ மருந்து இடிக்கிறது என்று சந்தேகப்படலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சோஃபோஸ்புவிரின் அளவைக் குறைத்துவிடும். வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஒமெப்ரசோல் வெல்படாஸ்விரை உடம்பில் சேரவிடாது. ஆனால் இவற்றைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டெஸ்ட் எடுக்க வேண்டாம். "வேற என்னென்ன மாத்திரை போடறீங்க?" என்று முதல் நாளே கேட்டால் போதும்.

உண்மையில் முடிவை மாற்றும் தகவல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் அதிகம் இருப்பது 3-ஆம் வகை வைரஸ். அந்த வகைக்கு சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் 12 வாரம் கொடுத்த 'ஆலி-3' ஆய்வில் ஈரல் சுருங்காதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சுருங்கியவர்களில் 63 சதவீதம்தான். எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள். சிகிச்சை தொடங்கும்முன் ஈரல் எப்படி இருக்கிறது என்பதுதான் மருந்தையே தீர்மானிக்கிறது. அதை ஓரளவு மதிப்பிட, வயது, இரண்டு ஈரல் நொதிகள், தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும், கால்குலேட்டரில் போட்டுவிடலாம். நான் மாமாவிடம் இதைக் கேட்டேனா? இல்லை. நல்லவேளை, டாக்டர் பார்த்திருந்தார்.

அடுத்து கடைசி டெஸ்ட். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுப்பது. குணமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது இது ஒன்றுதான். சோகம் என்னவென்றால் ஆட்கள் தவறவிடுவதும் இதைத்தான். பஞ்சாபில் 2016-இல் தொடங்கி 48,000 பேருக்கு மேல் இலவச சிகிச்சை கொடுத்தார்கள், சோதித்தவர்களில் சுமார் 91 சதவீதம் பேர் குணம். ஆனால் மாத்திரையை முடித்தவர்களில் பெரிய கூட்டம் கடைசி டெஸ்ட்டுக்கு வரவே இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, எதற்கு இன்னொரு நாள் கூலியை விடணும்?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இது இன்னும் முக்கியம். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவர்கள் பலர். அங்கே பார்ப்பது பெரும்பாலும் ஆன்டிபாடி. குணமான பிறகும் அது பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, பாசிட்டிவ் என்றே காட்டும். வைரஸ் போய்விட்டது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் கடைசி ரிப்போர்ட்.

மாமா

அன்று சாயங்காலமே மாமாவை டாக்டரிடம் பேசவைத்தோம். மூன்று நாள் விட்டதற்காகப் பதறவேண்டாம், இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள் என்றார். வேறெதையும் மாற்றவில்லை. மறு டெஸ்ட்டும் எழுதவில்லை.

வாழ்நாள் முழுக்க டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர் மாமா. லாரி விபத்தில் அடிபட்டு ரத்தம் ஏற்றியது தொண்ணூறுகளில். ரத்த வங்கிகளில் இந்த வைரஸுக்குக் கட்டாயப் பரிசோதனை நடைமுறைக்கு வரும்முன். வந்த வழி அதுவாக இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போனபோது இந்த மாடல், லாக் எல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தொட்டில போட்ட தோலை மணிக்கொருதரம் தூக்கித் தூக்கிப் பாத்தா மேஸ்திரி அடிக்க வருவாரு மாப்ள. ஒரு தோலு சீக்கிரம் முடி விடும், ஒரு தோலு லேட்டா விடும். நாளு ஆனா எல்லாம் விடும்." நான் ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தது ரெண்டு வரியில் முடிந்தது.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து அந்தக் கடைசி டெஸ்ட்டுக்கு நானே லீவு போட்டு வந்து கூட்டிக்கொண்டு போனேன். வைரஸ் தென்படவில்லை. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார் அத்தை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், டாக்டர் கேட்காத டெஸ்ட்டுக்குக் காசு அனுப்பாதீர்கள். நாலாம் வாரம் ஒரு போன் போடுங்கள். மாத்திரை போட்டாச்சா என்று கேளுங்கள். நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.